எல்லை வரைந்தவர்களும் குடியிருந்தவர்களும்: கொங்கு ஊராட்சிகளின் நிலமும் நிர்வாக வரலாறும்



ஊராட்சி என்றதும் நமக்குத் தேர்தலும் தெருவிளக்கும் குடிநீர்த் தொட்டியும் நினைவுக்கு வரும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அதன் எல்லையை. ஓர் ஊராட்சி இந்த ஓடையில் தொடங்கி அந்தச் சாலையில் முடிகிறது என்று முடிவு செய்தவர் யார்? எதற்காக அப்படி முடிவு செய்தார்கள்? கொங்கு நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனால் ஒரு செய்தி தெளிவாகிறது. மக்கள் தண்ணீரைப் பார்த்துக் குடியேறினார்கள். அரசுகள் வரியைப் பார்த்து எல்லை வகுத்தன. இரண்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றோடொன்று பொருந்தாமலே வந்திருக்கின்றன. நிர்வாகத்தின் பல அடுக்குகளுக்கு நடுவே, மக்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்வதற்கென்று ஏற்பட்ட அடித்தள அலகு ஊராட்சி ஒன்றுதான். அதைத்தான் நாம் மற்ற எல்லாவற்றையும்விட எளிதாகக் கலைக்கிறோம் என்பது என் வருத்தம்.

முதலில் நிலம். மேற்கே வெள்ளியங்கிரி, வடமேற்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இந்த மலைகளுக்கு இடையில் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று இந்த வழியாக உள்ளே வருகிறது. ஆனால் மழையின் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருகிறது. சமவெளியில் ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் வரைதான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் மேற்கே பிறந்து கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கின்றன. ஆற்றை ஒட்டிய குறுகிய பட்டையில் நெல்லும் மஞ்சளும் கரும்பும். அதைத் தாண்டினால் கல்லும் செம்மண்ணுமான மேட்டாங்காடு, இடையிடையே பல்லடம், சுல்தான்பேட்டைப் பக்கம் போல் கரிசல். அடியில் கெட்டியான பாறை. கிணறு வெட்டினால் பாறையை உடைத்துத்தான் தண்ணீர் காண வேண்டும்.

தஞ்சைத் தரணியில் வாய்க்கால் ஊரை ஒரே இடத்தில் கூட்டிவைக்கிறது. இங்கே கிணறு ஊரைக் கலைத்துவிடுகிறது. கிணறு எங்கே கிடைத்ததோ அங்கே தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே சாளை எனும் வீடு. மாடு நீரிறைக்கும் கவலையை இழுக்கும் சத்தம் விடியுமுன் கேட்க வேண்டும் என்றால் குடியானவன் கிணற்றடியில்தான் படுத்தாக வேண்டும். ஆகவே ஊர் என்று நத்தத்தில் ஒரு கூட்டம் வீடுகள் இருக்கும். அதைச் சுற்றி இரண்டு மூன்று மைலுக்குப் பாளையம், பட்டி, புதூர், வலசு, காடு என்று முடியும் சிற்றூர்களும் தனிச் சாளைகளும் சிதறிக் கிடக்கும். இவற்றையெல்லாம் இணைத்தது இட்டேரி: இருபுறமும் கிளுவையும் கள்ளியும் அடர்ந்த வண்டித்தடம். காங்கேயம் பக்கம் போனால் கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் அந்த மேய்ச்சல் நிலத்தை உயிர்வேலி அடைத்துப் பங்குபங்காகப் பிரித்துவைத்திருப்பார்கள். காங்கேயம் காளை அந்த நிலத்தில் உருவான மாடு.

இப்படிப்பட்ட நிலத்தில் ஊர் எங்கே முடிகிறது என்று எப்படிச் சொல்வது? பழைய ஆட்சியில் இதற்கு ஒரு விடை இருந்தது. கொங்கு நாடு 24 நாடுகளாகப் பிரிந்திருந்தது என்பது மரபு. விசயமங்கலத்துக் கார்மேகக் கவிஞர் பாடிய கொங்கு மண்டல சதகம் இந்த மரபைப் பேணிவைத்திருக்கிறது. ஆறை நாடு, பூந்துறை நாடு, காங்கேய நாடு, குறுப்பு நாடு, ஆனைமலை நாடு என்று நீளும் அந்தப் பெயர்களில் வடகரை நாடு, தென்கரை நாடு என்பவையும் இருக்கின்றன. ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறோம் என்பதே ஒரு நாட்டுக்குப் பெயராகப் போதுமானதாக இருந்தது. நாடு என்பது நீர், உறவுமுறை, கோயில், காணியுரிமை நான்கும் சேர்ந்த ஒரு வட்டாரம். அதன் எல்லை இங்கொரு கல், அங்கொரு கல் என்று நாட்டப்பட்டதைவிட, யார் யாருடைய கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு உரியவர் என்பதில் அதிகமாகத் தெரிந்தது. அந்த மரியாதைக்கு அருகிலேயே வர முடியாதவர்களும் அதே நாட்டில் வாழ்ந்தார்கள், உழைத்தார்கள். இதையும் சேர்த்துச் சொல்லாமல் பழைய நாட்டமைப்பைப் புகழ்வது நேர்மையாகாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அந்தக் காலத்தவரின் கணக்கு நம்மை வியக்கவைக்கிறது. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று நொய்யலில் புதிதாக ஓர் அணை கட்டிக்கொள்ள ஒப்புதல் தருகிறது. ஏற்கெனவே இருக்கும் அணையின் நீருக்குக் குறைவு வரக்கூடாது என்று நிபந்தனையும் போடுகிறது. ஆற்றின் மேலும் கீழும் இருக்கும் இரண்டு ஊர்களை ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த ஆணை அது. அதே 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்பவர் பவானியில் அணை கட்டி, கொடுமுடி வட்டாரம் வரை ஒரு வாய்க்காலை வளைத்து வளைத்துக் கொண்டுபோனார். அந்த வளைவுகளைப் பற்றி மக்கள் பல கதைகள் சொல்வார்கள். நில அமைப்பு சொல்வது எளிமையானது: மேட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போனால்தான் தண்ணீர் மெல்ல இறங்கும், பாயும் பரப்பும் கூடும். இன்று அந்த வாய்க்கால் எத்தனையோ நிர்வாக எல்லைகளைத் தாண்டி ஓடுகிறது. எந்த எல்லையையும் அது பொருட்படுத்தியதில்லை.

மதுரை நாயக்கர் காலத்துப் பாளையப்பட்டுகளையும் அதன்பின் வந்த மைசூர் ஆட்சியையும் நான் விரைவாகவே கடந்துபோகிறேன். ஊத்துக்குளி, சமத்தூர், புரவிபாளையம் போன்ற பாளையங்கள் அந்த அடுக்கின் எச்சங்கள். கொங்கில் சர்க்கார் சாமக்குளம் என்று ஓர் ஊரும் அக்ரகார சாமக்குளம் என்று அதன் பக்கத்திலேயே இன்னோர் ஊரும் இருப்பதைப் பார்க்கிறோமே, அவையும் நிலத்தின் வரி யாருக்குப் போனது என்ற பழைய பிரிவைத் தாங்கி நிற்பவைதான். சாதாரணக் குடியானவனின் நிலத்தையும் அரசையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய மாற்றம் 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு வந்தது.

கொங்கு அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. தொடக்கத்தில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பகுதிகளாக வைத்து ஆண்டார்கள். வடக்குக்குப் பவானியும் தெற்குக்குத் தாராபுரமும் தலைமையிடம். 1804-இல் இரண்டையும் இணைத்துக் கோயம்புத்தூரைத் தலைநகராக்கினார்கள். அதற்கு முன்பே, 1800-இல், தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் இந்த நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதினார். என்ன விளைகிறது, எந்த மண், எத்தனை ஏர், நெசவாளன் நிலை என்ன, தீர்வை எவ்வளவு என்று ஊர் ஊராகக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். அவர் தங்கிச் சென்ற டணாயக்கன்கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்கடியில் இருக்கிறது. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் மட்டும் பழைய கோயில் வெளியே தெரியும்.

கம்பெனி ஆட்சி ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தது. இடையில் சில ஆண்டுகள் ஊரை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள், அது சரிப்படவில்லை. ஒவ்வொரு குடியானவனோடும் அரசே நேரடியாகத் தீர்வை பேசிக்கொள்வது என்பது ரயத்துவாரி. அதற்கு ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அளக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் நடந்த சர்வேயில் வயல்களுக்கு எண் வந்தது, மூலைக்கு மூலை கல் வந்தது, நில விவரம் குறிக்கும் அ-பதிவேடு வந்தது. இன்று நாம் வருவாய்க் கிராமம் என்று சொல்வது அப்போது பிறந்த அலகுதான். ஒரு கர்ணமும் ஒரு மணியக்காரரும் கணக்கு எழுதி வசூல் செய்யத் தோதான அளவில் அது வகுக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் எத்தனை சிற்றூர்கள் இருக்கின்றன, அங்குள்ளவர்கள் ஒரே குளத்தில் தண்ணீர் எடுக்கிறார்களா, பெண்கள் எந்தச் சந்தைக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேரவில்லை. வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறதே, அதுவும் வசூலுக்கு ஏற்ற ஆண்டுதான்.

சர்வேக்காரர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவர்கள் விட்டுச்சென்ற பதிவேடுகள் இல்லாவிட்டால் நம் குளமும் இட்டேரியும் இருந்ததற்கே சாட்சி இருக்காது. இட்டேரி அந்தக் கணக்கில் வண்டிப்பாதைப் புறம்போக்கு. பள்ளம் ஓடைப் புறம்போக்கு. நான் இங்கே பள்ளம் என்பது கொங்குக்காரர்கள் சொல்லும் பொருளில், மழைக்காலத்தில் நீர் ஓடும் சிற்றாறு. கோவை நகருக்குள்ளேயே ஓடும் சங்கனூர்ப் பள்ளத்தை அறியாதவர் இந்த அவையில் இருக்க மாட்டார்கள். 1887-இல் எஃப். ஏ. நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைப் புரட்டுங்கள். கிணறுகளுக்கும் கடனுக்கும் அவர் தந்திருக்கும் இடத்தைப் பார்த்தால், இந்த மனிதர் காட்டில் இறங்கி நடந்திருக்கிறார் என்று தெரியும். விவசாய வங்கிகள் பற்றிய அறிக்கையை 1895-இலும் 1897-இலும் எழுதியவரும் இதே நிக்கல்சன்தான். அந்த அறிக்கை 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழி செய்தது.

மேலே இருக்கும் எல்லைகள் எத்தனை முறை நகர்ந்தன என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1868-இல் நீலகிரி தனியாகப் பிரிந்தது. 1910-இல் கரூர் வட்டம் திருச்சிராப்பள்ளிக்குப் போனது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது கொள்ளேகால் மைசூருக்குப் போனது. 1979-இல் பெரியார் மாவட்டம் பிறந்தது. அதுதான் இன்றைய ஈரோடு. 2009-இல் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வட்டங்களை எடுத்துத் திருப்பூர் மாவட்டம் அமைத்தார்கள். 80 வயதைக் கடந்த ஒரு தாராபுரத்துக்காரர், வீட்டைவிட்டு நகராமலே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறார்.

ஊராட்சி இந்த வரிசையில் மிகவும் பிந்தி வந்தது. 1871-இலும் 1884-இலும் வந்த சட்டங்கள் சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்குமான வாரியங்களைத் தந்தன. ஊருக்கென்று பஞ்சாயத்து அமைக்க 1920-இல் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பிறகு 1950-ஆம் ஆண்டுச் சட்டம், 500 பேருக்கு மேல் வாழும் ஒவ்வோர் ஊருக்கும் பஞ்சாயத்து வேண்டும் என்றது. பல்வந்தராய் மேத்தா குழுவின் 1957-ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து 1958-இல் வந்த சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை உருவாக்கியது. காமராசர் ஆட்சியில் இந்த ஒன்றியங்கள்தான் பள்ளிக்கூடங்களையும் இணைப்புச் சாலைகளையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தன. வருவாய்ப் பக்கம் பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் 1980 நவம்பர் வரை நீடித்தார்கள். அப்போதுதான் அந்தப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்து, தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலரை நியமித்தது. எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும் ஊர்க் கணக்கை எழுதலாம் என்று ஆனது நம் கிராம வரலாற்றில் ஒரு பெரிய நாள். அதைப் பற்றி நாம் போதுமான அளவு எழுதவில்லை. பிறகு 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், அதன்வழி கிராம சபையும் இடஒதுக்கீடும்.

இந்த வரலாற்றின் விளைவாக, ஒரே நிலத்தின்மேல் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு வரைபடங்கள் கிடக்கின்றன. வருவாய்க் கிராமம் ஒன்று, ஊராட்சி இன்னொன்று. சில இடங்களில் இரண்டும் ஒன்றாக இருக்கும். பல இடங்களில் ஓர் ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்களின் துண்டுகள் இருக்கும். பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகம், வீட்டு வரைபடத்துக்கு ஊராட்சி, சாலைக்கு ஒன்றியம். குளத்தின் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறையைச் சேர்ந்தது. குறைந்தால் ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஊர்க் குட்டை ஊராட்சியைச் சேர்ந்தது. குட்டைக்கு நீர் கொண்டுவரும் பள்ளம் வருவாய்த் துறையின் புறம்போக்கு. பள்ளத்தில் யாராவது கட்டடக் கழிவைக் கொட்டினால், குட்டைக்கு உரிமையுள்ள ஊராட்சித் தலைவர் மனு எழுதிக்கொண்டு வேறோர் அலுவலகத்துக்குப் போய் நிற்க வேண்டும். இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் வந்ததில்லை. வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு தேவைக்காக வகுத்த ஏற்பாடுகள் இவை. உட்கார்ந்து சரிசெய்ய ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இதன் விலையை நொய்யல் கொடுத்தது. வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நான்கு மாவட்டங்களைத் தொட்டுக் காவிரியில் கலக்கிறது இந்த ஆறு. கொடுமணல் என்ற பழைய வணிக ஊர் இதன் வடகரையில்தான் இருந்தது. பாசனத்துக்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். அந்த அணையில் தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. அப்போது திருப்பூர் ஒரு மாவட்டத்தில், அணை இன்னொரு மாவட்டத்தில். வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் மேலே. உப்பேறிய கிணறும் கருகிய தென்னையும் கீழே. மேலே இருந்த உள்ளாட்சிக்கும் கீழே இருந்த உள்ளாட்சிக்கும் ஒரே மேசையில் உட்கார இடமே இல்லை. பேரூர்க் கல்வெட்டில் இருந்த அந்த ஒரு நிபந்தனை, மேலே இருப்பவனின் செயலால் கீழே இருப்பவனுக்குக் குறைவு வரக்கூடாது என்பது, இங்கே எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கடைசியில் உழவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அதனால் பட்ட பாட்டையும் நாம் மறக்கக்கூடாது. ஆற்றுப்படுகையை ஓர் அலகாகக் கொண்டு ஊராட்சிகள் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வழி இருந்திருந்தால், இரண்டு தரப்பும் இந்த அளவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாறாக, ஓர் ஊராட்சி தன் எல்லையைச் சரியாகப் புரிந்துகொண்டால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. காரமடை ஒன்றியத்தில், மேட்டுப்பாளையத்தைத் தாண்டி நீலகிரி அடிவாரத்தில் இருக்கிறது ஓடந்துறை. ஊட்டி சாலையும் மலை ரயில்பாதையும் யானைகளின் வழித்தடமும் கடக்கும் பகுதி. 1996-இலிருந்து பத்தாண்டு தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில் ஊராட்சியின் மின்கட்டணத்தை முதலில் கணக்கெடுத்தார்கள். குடிநீர் இறைக்கவும் விளக்கு எரிக்கவும் வருமானத்தில் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்தது. மரத்துண்டுகளிலிருந்து வாயு எடுத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு 2006-இல், வங்கிக் கடனோடு ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். அதை ஓடந்துறையில் நடவில்லை. மலையடிவாரத்தில் அந்தக் காற்று இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து மோதும் உடுமலைப் பக்கம் மைவாடியில் நட்டார்கள். அங்கே விளையும் மின்சாரம் ஊராட்சியின் தேவைக்குப் போக மிஞ்சி, மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. தன் எல்லைக்கு வெகு தொலைவில், கொங்கின் புவியியல் எங்கே தனக்கு உதவுமோ அங்கே போய் ஓர் ஊராட்சி முதலீடு செய்தது. கொங்கு நாட்டு உள்ளாட்சி வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான முடிவை நான் அறியேன்.

கடல்கடந்த ஒரு நாட்டையும் இங்கே நினைத்துக்கொள்வது பயன்படும். கிழக்கு ஐரோப்பாவில் ருமேனியா என்ற நாட்டில் கொமுனா என்று ஓர் அலகு உண்டு. நம் ஊராட்சியைப் போலவே சில சிற்றூர்கள் சேர்ந்தது. தேர்ந்தெடுத்த தலைவரும் மன்றமும் உடையது. அலெக்சாண்ட்ரு இவான் கூசா ஆட்சியில் 1864-இல் அதற்குச் சட்டம் வந்தது. 1950-இல் கம்யூனிச அரசு மேலே இருந்த மாவட்டங்களைக் கலைத்து சோவியத் பாணியில் புதிய வட்டாரங்களை அமைத்தது. 1968-இல் அவற்றைக் கலைத்து மீண்டும் மாவட்டங்களைக் கொண்டுவந்தது. மேலே இத்தனை கலைந்தும் கொமுனா என்ற அடித்தளம் நின்றது. என் கவனத்தைக் கூடுதலாக ஈர்த்தது வேறொன்று. புகாரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் திமித்ரியே குஸ்தி என்ற சமூகவியல் பேராசிரியர் 1925 முதல் தன் மாணவர்களைக் குழுகுழுவாகக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றார். நில அமைப்பு, வரலாறு, தொழில், பாட்டு, சடங்கு, நிர்வாகம் என்று ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொண்டு ஒரே ஊரை எல்லோரும் சேர்ந்து எழுதினார்கள். நம்மிடமும் இப்படி ஒரு தொடக்கம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை அவரவர் ஊரை ஆராயச் சொல்லி, அந்தக் கட்டுரைகளை 1918-இல் நூலாக்கினார். இருபது ஆண்டு கழித்து அதே ஊர்களை மறுபடியும் ஆய்வு செய்தார்கள். இரண்டாவது முறை போனதால்தான் எது மாறியது, எது மாறவில்லை என்று சொல்ல முடிந்தது.

கொங்கில் இந்த வேலை ஏன் அவசரம் என்று சொல்கிறேன். கோவை மாநகராட்சி 2011-இல் விரிந்தபோது குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளோடும் ஏழு பேரூராட்சிகளோடும் விளாங்குறிச்சி ஊராட்சியும் உள்ளே போனது. பிறகு மேலும் பல ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு சேர்க்கும் பேச்சு எழுந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வீட்டுவரி ஏறிவிடும் என்று மக்கள் கிராம சபைகளில் எதிர்த்தார்கள். அந்த அச்சம் நியாயமானது. நகரம் வளர்வதையும் யாரும் தடுக்க முடியாது. மனைப்பிரிவுகள் ஏற்கெனவே தோட்டங்களை விழுங்கிவிட்ட ஊர்களுக்கு நகர வசதிகள் வேண்டும் என்பதையும் நான் ஏற்கிறேன். ஆனால் ஓர் ஊராட்சி கலையும்போது வரி விகிதம் மட்டும் மாறுவதில்லை. எந்தப் பள்ளம் எந்தக் குட்டைக்குப் போகிறது, எந்த இட்டேரி எந்தச் சாளைக்கு வழி, எந்த இடம் மேய்ச்சலுக்கு விட்டது என்று தெரிந்து, அதைப் பேசுவதற்குச் சட்டப்படி ஒரு மேடையும் வைத்திருந்த ஆட்கள் கலைந்துபோகிறார்கள். நகரத்தின் வார்டுக் கூட்டத்துக்கு அந்தப் பள்ளத்தின் பெயரே தெரியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு ஊராட்சித் தேர்தல்கள் 1970-இல் நடந்தன, அடுத்தது 1986-இல், அதற்கடுத்தது 1996-இல். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. கோவை உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்று அரசியலமைப்பே சொல்லும் ஓர் அமைப்பை இப்படி நடத்துவது தவறு. தலைவர் இல்லாத காலத்தில் எல்லையை மாற்றுவது இன்னும் பெரிய தவறு.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. 2024 ஆகஸ்ட் 17-இல் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கியது. பவானியின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். தலைமுறைகள் கேட்டுப் பெற்றது. இதற்காக ஊர் ஊராகக் குட்டைகளைப் பட்டியலிட்டார்கள். வரிக்கோ வாக்குக்கோ இல்லாமல், தண்ணீருக்காக ஊர்களை வரிசைப்படுத்திய பட்டியல் அது. பட்டியலில் இடம்பெறாத குட்டைகளைச் சேர்க்கச் சொல்லி ஊர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கொங்கு நாட்டு ஊராட்சிகள் தங்கள் நீர்வழியைத் தாங்களே எழுதி வைத்திருந்தால் அந்தக் கோரிக்கை இன்னும் வலுவாக இருக்கும்.

மாணவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். கோவை மாவட்டத்தில் 12 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்கள் பத்துப் பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய்க் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் வாங்குங்கள். அதில் ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல், குட்டை என்று இருக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் நேரில் போய்ப் பாருங்கள். பழைய கர்ணம் குடும்பங்களில் ஏதேனும் கணக்குக் கட்டு மிஞ்சியிருக்கிறதா என்று கேளுங்கள். கூடவே, அந்தக் கணக்கில் பெயர் வராதவர்களிடம் போய்க் கேளுங்கள்: ஆடு மேய்த்தவர்கள், நீர் பாய்ச்சியவர்கள், கிணறு வெட்டியவர்கள், தண்ணீர் சுமந்த பெண்கள். எந்தக் குட்டையில் யாரை இறங்க விடவில்லை என்பதையும் எழுதுங்கள். அதுவும் அந்த ஊரின் நிர்வாக வரலாறுதான். எழுதியதை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் ஏதாவதொரு கிராம சபையில் உரக்கப் படித்து, தீர்மானமாக்கி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நாளைக்கே எல்லையை மாற்ற யார் வந்தாலும் அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்க ஊருக்கு வழி இருக்க வேண்டும். பெரியவர்கள் இவர்கள் வரும்போது தடம் காட்டி, கூட நடந்து உதவுங்கள்.